14 மைல் என்று சொன்ன விமானம்

1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு 10.08 மணிக்கு, கொழும்பு நோக்கி வந்துகொண்டிருந்த டி.சி.-8 விமானம் ஒன்று கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்தது. தான் 14 மைல் தொலைவில், பறப்பு மட்டம் 70இல், அதாவது ஏறத்தாழ 7,000 அடியில் இருப்பதாகச் சொன்னது. 2,000 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. ஓடுபாதை 04ஐ எதிர்பார்க்கும்படியும், விமானநிலையம் கண்ணில் பட்டதும் அறிவிக்கும்படியும் கட்டுப்பாட்டாளர் கேட்டுக்கொண்டார். அறிவிப்பு வரவில்லை. ஏறத்தாழ 10.10 மணிக்கு அந்த விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்துச் சப்தகன்னி மலையில் 4,355 அடி உயரத்தில் மோதிச் சிதறியது. 182 பயணிகள், 9 பணியாளர்கள் என உள்ளே இருந்த 191 பேரும் இறந்தனர். இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளில் இதுவே மிகப் பெரியது.

அந்த மலைக்கும் கட்டுநாயக்க விமானநிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் 40 கடல் மைல்.

விமானம் சொன்ன எண் 14. வரைபடம் சொல்லும் எண் 40. ஒன்று வாயால் சொன்னது, மற்றது பாறையில் பதிந்தது. விபத்தைப் பற்றிய பதிவுகளைத் தேடித் தேடி வாசித்தபோது நான் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இரண்டு எண்களின் முன்னால்தான். பயிற்சி பெற்ற விமானிகள், பழுதில்லாத விமானம், முறைப்படி கிடைத்த அனுமதி. இவ்வளவும் இருந்தும் அந்த 14 எங்கிருந்து வந்தது?

மன்னார் மாவட்டத்து உயிலங்குளத்தில் இருப்பவனுக்கு மலையகத்து விபத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் பக்கம் விமானம் என்றால் எல்லோருக்கும் 1998 செப்டெம்பர் 29தான் நினைவுக்கு வரும். பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னாருக்கு வடக்கே கடலில் வீழ்ந்த நாள் அது. அது போர்க் காலத்தின் கதை. இறங்கும் முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் தேடியது, விமானம் ஒன்று உயரத்திலிருந்து இறங்கும்போது எதை நம்பி இறங்குகிறது என்பதை. அந்தக் கேள்விக்கு உயிலங்குளம் பொருத்தமான இடம்தான். காரணம் எளிய கணக்கு.

மூன்றால் பெருக்கும் கணக்கு

விமானிகள் மனத்திலேயே போடும் கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்குவதற்கும் மூன்று கடல் மைல் வேண்டும். 35,000 அடியில் பறக்கும் விமானம் தரைக்கு வர 105 கடல் மைல், ஏறத்தாழ 195 கிலோமீற்றர் வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய கட்டுநாயக்க போன்ற விமானநிலையத்துக்குக் கழித்துப் பார்க்க வேறொன்றும் இல்லை.

வரைபடத்தில் உயிலங்குளத்திலிருந்து கட்டுநாயக்க வரை அடிகோல் வைத்துப் பாருங்கள். நேர்கோட்டில் 190 கிலோமீற்றர் அளவில் வரும். நூறு கடல் மைலுக்குச் சற்றுக் கூட. ஆக, வடக்கிலிருந்து 35,000 அடியில் கொழும்புக்கு வரும் விமானம் எங்கள் வயல்வெளிக்கு மேலே வரும்போதே இறக்கத்தைத் தொடங்கியாக வேண்டும். சிலாபத்துறை, புத்தளம், சிலாபம் என்று தரையில் நாங்கள் அரை நாள் பயணமாக எண்ணும் தூரம் முழுவதும் அதற்குப் படியிறங்கும் பாதை.

இறக்கம் தொடங்கியதும் இயந்திரத்தின் விசையைக் குறைத்து விமானத்தைச் சறுக்க விடுகிறார்கள். உலகின் பல வான்பரப்புகளில் 10,000 அடிக்குக் கீழே வேகம் 250 நொட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே வேகத்தைக் குறைக்கவும் சில மைல்கள் ஒதுக்க வேண்டும். கட்டுப்பாட்டு நிலையம் படிப்படியாகக் கீழே வர அனுமதி தரும். வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ‘இதற்குக் கீழே போகாதே’ என்றொரு உயரம் குறிக்கப்பட்டிருக்கும். விமானநிலையத்தைச் சுற்றி 25 கடல் மைல் வட்டத்துக்குள் எந்தத் திசையில் எந்த உயரம் பாதுகாப்பானது என்பதும் அதில் இருக்கும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 1,000 அடி இடைவெளி வைத்துத்தான் அந்த உயரத்தைக் கணக்கிடுவார்கள்.

கடைசிக் கட்டம் ஐ.எல்.எஸ். எனும் கருவி இறக்கம். ஓடுபாதையின் அருகிலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் வெளிவரும். ஒன்று இடம் வலம் காட்டும். மற்றது இறங்க வேண்டிய சரிவைக் காட்டும். அந்தச் சரிவு பெரும்பாலும் மூன்று பாகை. அதாவது ஒவ்வொரு கடல் மைலுக்கும் ஏறத்தாழ 320 அடி. 2,000 அடியில் இருப்பவர் ஓடுபாதைக்கு ஆறு கடல் மைலுக்குச் சற்று அப்பால் அந்தச் சரிவைப் பிடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதிலும் இரண்டே அளவுகள்தான்: உயரம், தூரம். உயரத்தைக் காற்றழுத்த உயரமானி காட்டிவிடும். ஆனால் அது கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் காட்டும். கீழே கடல் இருக்கிறதா, மலை இருக்கிறதா என்று சொல்லாது. கீழே மலை இல்லை என்று விமானிக்கு உறுதி தருவது தூரம் மட்டுமே. தூரம் பிழைத்தால் உயரமானியின் சரியான எண்ணும் பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

கடிகாரமும் அடிகோலும்

பத்திரிகைகள் இறந்தோர் தொகையையும் மீட்புப் பணியையும் சொல்லும். விமானம் எந்த நிமிடத்தில் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு விசாரணைப் பதிவுக்குத்தான் போக வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் காலவரிசை சுருக்கமானது.

விமானத்தின் பதிவெண் பி.எச்.-எம்.பி.எச். நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றது. சுரபாயாவில் இலங்கை நேரப்படி மாலை 5.33க்குப் புறப்பட்டது. கொழும்பில் இறங்கிப் பின் ஜித்தா போவது திட்டம். இரவு 9.46 அளவில், 35,000 அடியில் இருந்தபோது, பச்சை 462 எனும் வான்வழியாகக் கட்டுநாயக்க வர அனுமதி. 10 மணிக்கு 15,000 அடிக்கு இறங்க அனுமதி. 10.08க்கு அந்த 14 மைல் அறிவிப்பு.

இப்போது கடிகாரத்தை வைத்துப் பின்னோக்கிப் போவோம். மோதிய இடம் 40 கடல் மைல். மோதுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு விமானம் எங்கே இருந்திருக்கும்? நிமிடத்துக்கு நான்கு கடல் மைல் என்று குறைவாகவே வைத்தாலும் எட்டு மைல் பின்னால், ஏறத்தாழ 48ஆவது மைலில். 14 என்று சொன்னபோது உண்மை 48. வித்தியாசம் 34 கடல் மைல், அதாவது 63 கிலோமீற்றர். உயிலங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு நேர்கோட்டில் இருக்கும் தூரம் கிட்டத்தட்ட அதுதான்.

அடுத்து, உயரம். 48ஆவது மைலில் இருப்பதாகத் தெரிந்திருந்தால், மூன்றால் வகுக்கும் கணக்குப்படி விமானம் 16,000 அடியில் இருந்திருக்கும். 40ஆவது மைலில் 13,000 அடி. அந்தப் பகுதியின் தலையாய சிகரமான சிவனொளிபாதமலையே 7,359 அடிதான். ஐயாயிரம் அடிக்குக் குறையாத இடைவெளியோடு மலைநாடு முழுவதையும் தாண்டி, சமவெளிக்கு மேலே வந்து, பிறகுதான் தாழ்ந்திருக்கும்.

இந்தக் கணக்கில் எனக்கு வியப்பாகத் தெரிந்தது ஒன்று. விமானம் இறங்கிய விதத்தில் கோளாறே இல்லை. இரண்டு நிமிடத்தில் 7,000 அடியிலிருந்து 4,355 அடி என்றால் நிமிடத்துக்கு 1,300 அடி. எந்தப் பயணியும் உணராத அமைதியான இறக்கம். 14 மைலில் 7,000 அடி என்பது நேராக ஓடுபாதைக்கு வருபவருக்குச் சற்று அதிக உயரம். ஆனால் ஓடுபாதை 04க்குக் கடல் பக்கத்திலிருந்து, தென்மேற்கிலிருந்து வர வேண்டும். கிழக்கிலிருந்து வரும் விமானம் சுற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும். அந்தச் சுற்றில் மிச்ச உயரம் கரைந்துவிடும். ஆகவே அந்த எண்ணில் உறுத்தல் எதுவுமில்லை. உயரமும் தூரமும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. இடம் மட்டும்தான் வேறு.

ஒரு சாட்சி, மூன்று குரல்

இலங்கை விசாரணையின் முடிவு தெளிவாக இருக்கிறது. விமானநிலையத்தை வைத்துத் தம் இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்த விமானிகள் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர். விமானத்தில் இருந்த டொப்ளர் கருவியையும் காலநிலை ராடாரையும் சார்ந்திருந்ததே அந்தப் பிழைக்குக் காரணம். அவை தவறாகப் பொருள்கொள்ள இடம் தரும் கருவிகள் என்பது விசாரணையின் கருத்து.

டொப்ளர் என்ன செய்யும்? விமானத்தின் அடியிலிருந்து தரையை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு வேகத்தையும் காற்றால் விலகும் அளவையும் கணிக்கும். வேகத்தை நேரத்தால் பெருக்கிக்கொண்டே போனால் கடந்த தூரம் வரும். வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வேண்டாம் என்பது அதன் பலம். ஒவ்வொரு மணியிலும் சேரும் சிறு பிழை அடுத்த மணிக்கும் தொடர்வது அதன் பலவீனம். அலையில்லாத கடல் மேற்பரப்பு அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது என்பதும் அந்தக் கருவி வகைக்கே உள்ள சங்கடம். சுரபாயாவிலிருந்து வருபவர் சுமாத்திராவைத் தாண்டியபின் இலங்கைக் கரை வரை கடல்தான்.

சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்க 2,150 கடல் மைல் அளவில் வரும். அதில் 34 மைல் என்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 35,000 அடியில், நடுக்கடலில், இந்தப் பிழை ஒரு பொருட்டல்ல. அதே பிழை 7,000 அடியில், மலைகளின் நடுவே, உயிரைக் குடிக்கும். கருவியின் துல்லியம் மாறவில்லை. அதன்மேல் ஏற்றிய சுமைதான் மாறியது. பயணத்துக்குப் போதுமான எண்ணை இறக்கத்துக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டதில்தான் வினை.

காலநிலை ராடார் இரண்டாவது சாட்சி ஆகாதா? அது மழைமேகத்தைக் காட்டுவதற்கான கருவி. கீழ்நோக்கித் திருப்பினால் கடற்கரையின் விளிம்பும் தெரியும். ஆனால் திரையில் தெரியும் ஒளித்திட்டு எந்தக் கரை, எந்த மலை என்று முடிவு செய்வது பார்ப்பவரின் கண். அந்தக் கண், டொப்ளர் சொன்ன இடத்தை ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும்.

மூன்றாவது குரல் கட்டுப்பாட்டாளருடையது. அவர் விமானத்தைத் தன் கண்ணால் காணவில்லை. விமானி சொன்ன 14ஐக் கேட்டு, 14 மைலில் இருப்பவருக்கு உரிய அனுமதியைக் கொடுத்தார். அந்த அனுமதி திரும்ப விமானி அறைக்குள் வரும்போது, வெளியிலிருந்து வந்த உறுதிபோல ஒலித்திருக்கும். உண்மையில் அது அவர்களின் குரலின் எதிரொலி.

பழைய பத்திரிகைகளைப் புரட்டுபவர்களுக்கு இது நன்கு தெரிந்த பொறி. ஒரே நாளில் மூன்று பத்திரிகைகள் ஒரே தகவலைச் சொன்னால் மூன்று சாட்சிகள் என்று மகிழ்வோம். கடைசியில் மூன்றும் ஒரே செய்தி முகவரகத்தின் தந்தியிலிருந்து எடுத்தவை என்று தெரியவரும். அந்த இரவில் டொப்ளர், ராடார், கட்டுப்பாட்டு அனுமதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கவில்லை, ஒன்றையொன்று ஆமோதித்தன.

தரையிலிருந்து வரும் அளவுதான் வேறு சாட்சி. டி.எம்.இ. என்ற கருவியில் விமானம் கேள்வியை அனுப்பும்; தரை நிலையம் பதில் அனுப்பும்; போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். அது ஐந்து மணி நேரத்துப் பிழையைச் சுமந்து வராது. ஒவ்வொரு கணமும் புதிதாக அளக்கும். தரை ராடாரும் அப்படித்தான். விமானி என்ன நினைக்கிறார் என்பதைக் கேட்காமலே அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும்.

மூன்று நாள் முன்பு

தேடலில் எதிர்பாராமல் தட்டுப்பட்டது ஒரு திகதி. சப்தகன்னி மலை விபத்துக்கு மூன்று நாள் முன்பு, 1974 டிசெம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் இலக்க போயிங் 727 வோஷிங்டனுக்கு அருகே உள்ள டல்லஸ் விமானநிலையத்துக்கு இறங்கும்போது மவுண்ட் வெதர் எனும் மலையில் மோதியது. 92 பேரும் இறந்தனர். அங்கும் மேகம், மலை, முன்கூட்டிய இறக்கம். விமானநிலையம் இன்னும் 44 கடல் மைல் தொலைவில் இருக்கும்போதே ‘இறங்குமுறையைத் தொடங்கலாம்’ என்ற அனுமதி கிடைத்தது. விமானிகள் வரைபடத்தில் 1,800 அடி என்ற எண்ணைப் பார்த்து அதற்கு இறங்கினார்கள். அந்த எண் ஓடுபாதைக்கு அருகிலுள்ள கடைசிப் பகுதிக்கு உரியது.

அங்கே இடம் தெரிந்திருந்தது. எந்த உயரம் எந்த இடத்துக்கு என்பதில்தான் குழப்பம். மலையைக் கட்டுப்பாட்டாளர் பார்த்துக்கொள்வார் என்று விமானிகளும், விமானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டுப்பாட்டாளரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் ஐந்து உறுப்பினர்களாலும் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. மூவர் விமானிகளின் முடிவையே முதன்மைக் காரணமாகக் கொண்டனர். இருவர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர்.

அந்த விபத்துக்கு ஆறு வாரம் முன்பு யுனைட்டட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே குழப்பத்தால் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் செய்தி போகவில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் 1976இல், தப்பிப் பிழைத்தவர்கள் தண்டனைப் பயமின்றி எழுதியனுப்பும் பாதுகாப்பு அறிவிப்பு முறை நாசாவின் பொறுப்பில் தொடங்கியது.

இன்னொரு விளைவும் உண்டு. அதே டிசெம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெரிய ஜெட் விமானங்கள் அனைத்திலும் தரை நெருக்க எச்சரிக்கைக் கருவியை ஒரு வருடத்துக்குள் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கனடாவில் பிறந்த பொறியியலாளர் டொன் பேட்மன் உருவாக்கிய கருவி அது. கீழ்நோக்கிய வானொலி உயரமானியைக் கொண்டு தரை வேகமாக நெருங்குவதை உணர்ந்து சத்தமிடும். இடத்தைப் பற்றி விமானி என்ன நம்புகிறார் என்பது அதற்குத் தேவையில்லை. முன்பக்கத்து மலையை அந்தத் தொடக்கக் கருவியால் காண முடியாது. 1990களில் உலகத் தரையமைப்பு முழுவதையும் நினைவில் வைத்த புதிய வடிவம் வந்தபின்தான் அந்தக் குறையும் நீங்கியது.

கட்டுநாயக்க, நான்கு வருடம் கழித்து

1978 நவம்பர் 15. மறுபடி டி.சி.-8, மறுபடி ஹஜ் யாத்திரிகர்கள், மறுபடி இரவு. இம்முறை எதிர்த்திசை: ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு வீடு திரும்புபவர்கள். லொஃப்ட்லெய்டிர் எனும் ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானத்தில் 262 பேர் இருந்தனர். ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல் முன்பாகத் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 183 பேர் இறந்தனர்; 79 பேர் பிழைத்தனர்.

இங்கே தூரத்தில் ஐயமே இல்லை. ராடார் இருந்தது, ஐ.எல்.எஸ். இருந்தது. மூன்று பாகைச் சரிவின்படி ஒரு கடல் மைலில் விமானம் 320 அடிக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ மரத்தின் உயரத்தில். 1974இல் பிழைத்தது தூரம். 1978இல் பிழைத்தது உயரம்.

காரணம் என்ன என்பதில் இரு நாடுகளும் வேறுபட்டன. இறங்குமுறையை விமானிகள் கடைப்பிடிக்கவில்லை, உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் கருவிகளில் கவனிக்கவில்லை, துணை விமானி சொல்ல வேண்டிய உயர அறிவிப்புகளைச் சொல்லவில்லை என்றது இலங்கை. தரையிலிருந்த ஐ.எல்.எஸ். சரிவு பிழையானது, ராடார் கட்டுப்பாட்டாளர் தவறான தகவல் கொடுத்தார், கடைசியில் கீழ்நோக்கிய காற்றும் சேர்ந்தது என்றது ஐஸ்லாந்து. விமானநிலையம் இலங்கையுடையது, விமானமும் விமானிகளும் ஐஸ்லாந்தினர் என்பதை நினைவில் வைத்துத்தான் இரண்டையும் வாசிக்க வேண்டும். ஆனால் இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்தால் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. சரிவு பிழையாகவே இருந்திருந்தாலும், உயரமானியைப் பார்த்து ஒருவர் குரல் கொடுத்திருந்தால் மேலே எழும்பிச் சுற்றி வந்திருக்கலாம். ஒரு கருவி பொய் சொன்னால் இன்னொன்று அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

வாய் திறந்தும் பயனில்லாமல் போனதற்கு மங்களூர் சாட்சி. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தனர். அங்கே இறக்கம் முன்கூட்டி அல்ல, தாமதமாகத் தொடங்கியது. இரண்டு நாள் முன்பிருந்து ராடார் இயங்கவில்லை; அதனால் விமானத்தை வழக்கத்தைவிட நெருங்கும்வரை உயரத்திலேயே வைத்திருந்தார்கள். பயணத்தில் நெடுநேரம் தூங்கியிருந்த தலைமை விமானி, மிக உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, 8,000 அடி ஓடுபாதையில் ஏறத்தாழ 5,200 அடி கடந்தபின் தரைதொட்டார். துணை விமானி மேலே எழும்பும்படி மூன்று முறை சொல்லியிருந்தார்.

தீர்ப்பு

14 என்ற எண்ணின் பூர்வீகத்தைத் தேடிய எனக்குக் கிடைத்த விடை இது. அந்த எண் கவனக்குறைவால் பிறந்ததல்ல. அது தனியாக விடப்பட்ட எண். உயரம் ஒன்று, தூரம் ஒன்று. இரண்டையும் வேறு வேறு வழியில் அளந்து, ஒன்றை வைத்து மற்றதைக் குறுக்கு விசாரணை செய்து, ஒவ்வாவிட்டால் இறங்காமல் நிற்பதே கருவி இறக்கத்தின் முழு இலக்கணம். இன்று செய்மதி வழிகாட்டலும் கணினியும் எல்லாவற்றையும் வரைந்து காட்டுகின்றன. அப்படியும் விமானிகள் மனத்துக்குள் மூன்றால் பெருக்கிப் பார்க்கிறார்கள். திரையில் தெரியும் எண்ணுக்கு அது வெளியிலிருந்து வரும் இன்னொரு சாட்சி.

சப்தகன்னி மலை விபத்தின் பதிவிலும் ஒரு பக்கத்துச் சாட்சிதான் நிறைய இருக்கிறது. அறிக்கைகள் விமானத்தைப் பற்றிப் பேசுகின்றன; மலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் தோட்டத் தமிழர்கள். விபத்து நடந்த காலத்தில் 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிக் குடும்பங்கள் தலைமன்னார் ரயிலேறி, முருங்கனையும் திருக்கேதீஸ்வரத்தையும் தாண்டி, கப்பலில் இராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தன. அப்படிப் போனவர்களில் பலர் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். 1977 வன்முறைக்குப் பிறகு வன்னிக்கும் மன்னாருக்கும் வந்து குடியேறியவர்களும் உண்டு. அந்த இரவில் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது.

நோர்ட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் சக்கரம் நினைவுப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. இரும்பையும் ரப்பரையும் காப்பாற்றிவிட்டோம். இதை வாசிப்பவர்களின் வீட்டில் அந்த நாளைக் கண்ட பெரியவர் யாரும் இருந்தால், விமானம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு தாழ்வாக வந்தது, இரைச்சல் எப்படி இருந்தது, மேகம் இருந்ததா என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்திடமோ உங்கள் ஊர் வாசிகசாலையிடமோ ஒரு பிரதியைக் கொடுங்கள். கருவிகள் சொன்னதை அறிக்கைகள் எழுதிவிட்டன. கண்ணால் கண்டவர்கள் சொல்வதை எழுத வேண்டியது நாங்கள்தான்.